மீட்டுக்கொள்ளப்பட்டது: ஆய்விதழ்கள் தம் தவற்றை ஒப்புக்கொள்ளும் முறை

சென்ற ஆண்டு இம்மலரில் 'சுற்றுப்புறமும் உள்ளமும்' என்னும் தலைப்பில் நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒரு சிலராவது இருப்பீர்கள் என நம்புகிறேன். குடியிருப்புப் பகுதிகளில் குப்பை தேங்குவது நோயை மட்டுமன்றி, மனிதருக்கு மனிதர் விலகி நிற்கும் மனப்பான்மையையும் வளர்க்கிறது என்பது அதன் மையக் கருத்து. அந்தக் கருத்துக்குத் தூணாக நான் நிறுத்தியது நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று. உட்ரெக்ட் நகர இரயில் நிலையத்தில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள்களில், எங்கும் குப்பை நிறைந்திருந்த வேளையில், வெள்ளையர்கள் கறுப்பினத்தவர் ஒருவரை விட்டுக் கூடுதலாகத் தள்ளி அமர்ந்தார்கள். நிலையம் தூய்மையானதும் அந்த வேறுபாடு மறைந்தது என்று அவ்வாய்வு கூறியது. 2011 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை அது. சயன்ஸ் என்றால் உலகின் தலைசிறந்த அறிவியல் இதழ்களுள் ஒன்று. இதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும் என்று எண்ணித்தான் எழுதினேன்.

அதன் தரவுகள் இட்டுக்கட்டப்பட்டவை. அதே ஆண்டு டிசம்பரிலேயே சயன்ஸ் இதழ் அக்கட்டுரையை மீட்டுக்கொண்டுவிட்டது. நான் அதைச் சான்றாக எழுதியபோது, அது செத்துப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது.

இதை எனக்குச் சொன்னவர் இரண்டாம் ஆண்டு உளவியல் மாணவி ஒருவர். புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்தில் நம் கழகத்தின் மேசையில் நான் மலர் விற்றுக்கொண்டிருந்தேன். அவர் மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, இது நீங்க எழுதினதா? இந்த ரயில் ஸ்டேஷன் ஆய்வு பொய்யின்னு எங்க வகுப்புல சொன்னாங்களே. மோசடிக்கு உதாரணமா இதைத்தான் காட்டினாங்க." பக்கத்தில் நின்ற நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போது வந்தது நன்றியுணர்ச்சி அன்று, எரிச்சல்தான். "சயன்ஸ்ல வந்ததும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து பார்த்த பிறகுதான் அவர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்தது.

இக்கட்டுரை அந்த இரவில் தொடங்கிய தேடலின் விளைவு. அச்சேறிய ஓர் ஆய்வுக் கட்டுரை தவறு என்று தெரிந்தால் ஆய்விதழ்கள் என்ன செய்கின்றன, யார் செய்கிறார்கள், எவ்வளவு காலம் பிடிக்கிறது, அதற்குப் பிறகும் அக்கட்டுரை ஏன் சாக மறுக்கிறது ஆகியவற்றைக் கூடியவரை விளக்க முயல்கிறேன். ஆய்வேடு எழுதப்போகும் இளைய மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

தமிழ்க் கழகத்தின் மலர் என்பதால் முதலில் சொல்லையே பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'ரிட்ராக்ஷன்' என்கிறார்கள். தமிழில் 'பின்வாங்கல்' என்றால் போர்க்களத்திலிருந்து ஓடுவது போலிருக்கிறது. 'மீட்பு' என்றாலோ வெள்ளத்தில் சிக்கியவரைத் தீயணைப்புப் படையினர் கரை சேர்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. 'நீக்கம்' முற்றிலும் பொருந்தாது. ஏன் என்பதைப் பிறகு கூறுகிறேன். மலாய்மொழியில் 'தாரேக் பாலேக்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நம் நாளிதழ்கள் வழக்கையும் சட்ட முன்வரைவையும் 'மீட்டுக்கொண்டனர்' என எழுதுவதுண்டு. பழுதுள்ள காரை நிறுவனம் விற்ற இடத்திலிருந்து 'மீட்டுக்கொள்கிறது'. கொடுத்தவரே பழுதை ஒப்பித் திரும்ப வாங்கிக்கொள்கிறார் என்னும் பொருள் இதில் இருப்பதால், 'மீட்டுக்கொள்ளல்' என்பதையே இங்கு ஆள்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயங்கமாட்டேன்.

இச்செயல் புதியதன்று. லண்டன் அரச கழகத்தின் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழில் 1756 ஆம் ஆண்டு பெஞ்சமின் வில்சன் என்பவர், மின்சாரம் பற்றித் தாம் முன்பு கொண்டிருந்த கருத்தை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். ஆங்கில ஆய்விதழ்களில் மிகப் பழைய மீட்டுக்கொள்ளலாக இதையே பலர் காட்டுகிறார்கள். அவரை யாரும் மோசடிக்காரர் என்று தூற்றவில்லை. தவறு என்று கண்டார், சொன்னார்.

நான்கு வகைக் குறிப்புகள்

1997 ஆம் ஆண்டு பிரிட்டனில் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரு குழுவை அமைத்தார்கள். பதிப்பு அறநெறிக் குழு எனலாம். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'கோப்' என்று அழைக்கப்படுகிறது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் இதன் நெறிமுறைகளைப் பின்பற்றுகின்றன. மீட்டுக்கொள்ளல் பற்றிய வழிகாட்டியை இக்குழு 2009 இல் வெளியிட்டது. பிறகு அதைத் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது.

இவ்வழிகாட்டியைப் படித்தபோதுதான் ஒரு கட்டுரையின் தவற்றுக்குப் பல அளவு மருந்துகள் உண்டு என்று அறிந்தேன். ஓர் அட்டவணையில் எண் மாறிவிட்டது, ஆனால் முடிவு மாறவில்லை என்றால் திருத்தம் வெளியிட்டால் போதும். ஐயம் எழுந்திருக்கிறது, விசாரணை முடியவில்லை என்றால் 'ஐயக் குறிப்பு' வெளியிடலாம்; அதாவது, 'இதைப் படிப்பவர் எச்சரிக்கையாக இருங்கள், நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று பலகை வைப்பது. கண்டுபிடிப்பை இனி நம்பவே முடியாது என்று தெளிவான சான்று கிடைத்தால் மீட்டுக்கொள்ளல். நோயாளியின் அந்தரங்கம் வெளியாகிவிட்டது, நீதிமன்ற ஆணை இருக்கிறது, அல்லது யாரேனும் படித்துப் பின்பற்றினால் உயிருக்கே ஆபத்து என்பன போன்ற அரிய வேளைகளில் மட்டுமே கட்டுரையை அடியோடு அகற்றுவார்கள்.

நம்பமுடியாமை மட்டுமே காரணமன்று. பிறருடைய எழுத்தைத் திருடியிருந்தாலும், அதே ஆய்வை இரண்டு இதழ்களில் சொல்லாமல் வெளியிட்டிருந்தாலும், ஆய்வு செய்த முறையே அறநெறிக்கு மாறாக இருந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். ஆயினும் அவ்வழிகாட்டி அழுத்திச் சொல்லும் ஒன்று என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது. மீட்டுக்கொள்ளலின் நோக்கம் எழுதியவரைத் தண்டிப்பதன்று. ஆய்வுலகின் பதிவைத் திருத்துவதே. தண்டிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை, சில வேளைகளில் நீதிமன்றத்தின் வேலை. இதழாசிரியரின் கடமை வாசகருக்கு.

உட்ரெக்ட் கட்டுரைக்கு நடந்தது

அதை எழுதிய முதன்மை ஆசிரியர் டீடரிக் ஸ்டாப்பல், தில்பர்க் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர். புலத் தலைவராகவும் இருந்தவர். அவருடைய முடிவுகள் எப்போதும் அழகாகவே அமைந்தன. தரவுகளை அவரே திரட்டி வந்து மாணவர்களிடம் கொடுப்பார். அந்தத் துறையில் பேராசிரியர் தரவு திரட்டுவதும் மாணவர் சும்மா இருப்பதும் வழக்கத்துக்கு மாறானது. 2011 ஆகஸ்ட்டில் இளம் ஆய்வாளர்கள் மூவர் துணிந்து மேலிடத்தில் புகார் செய்தார்கள். தங்கள் பட்டம், பரிந்துரைக் கடிதம், எதிர்காலம் அனைத்தும் அவர் கையில் இருந்த நிலையில் அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. கட்டுரையை மீட்டுக்கொண்டது இதழ்தான். ஆனால் உண்மையைத் தோண்டி எடுத்தது இதழன்று.

தொடர்ந்து பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. அவர் முன்பு பணியாற்றிய ஆம்ஸ்டர்டாம், குரோனிங்கன் பல்கலைக்கழகங்களும் விசாரித்தன. பின்னாளில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்கு அவர் சொன்ன ஒரு செய்தி என் மனத்தில் தைத்துவிட்டது. விசாரணை நெருங்கியபோது, தம் ஆய்வில் விவரித்திருந்ததற்கு ஒத்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடி அவர் உட்ரெக்ட் நிலையத்துக்கே போய்ப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. அந்த நிலையத்தை, அந்த நாற்காலிகளை, நான் என் கட்டுரையில் நேரில் கண்டதுபோல் வருணித்திருந்தேன்.

சயன்ஸ் இதழ் நவம்பரில் ஐயக் குறிப்பு வெளியிட்டது. டிசம்பரில் மீட்டுக்கொள்ளல் குறிப்பு வந்தது. அக்குறிப்பு மிகச் சுருக்கமானது. தரவுகள் புனையப்பட்டவை என்று பல்கலைக்கழகத்தின் அறிக்கை முடிவு செய்திருப்பதையும், இணையாசிரியர் தரவு உருவாக்கத்தில் எவ்வகையிலும் பங்கு பெறவில்லை, மீட்டுக்கொள்ள அவரும் உடன்படுகிறார் என்பதையும் அது கூறுகிறது. இந்த இரண்டாவது செய்தியை நான் முதலில் வேகமாகத் தாண்டிச் சென்றேன். மறுபடி படித்தபோதுதான் அதன் அருமை விளங்கியது. ஒரு கட்டுரையில் பலர் பெயர் இருக்கும். பழி அனைவர் மேலும் விழும். குறிப்பை எழுதுபவர் யார் செய்தார், யார் செய்யவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் ஒரு நல்லவருடைய வாழ்நாள் உழைப்பும் சேர்ந்தே போய்விடும். ஸ்டாப்பலின் மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரைகள் மொத்தம் 58. அவற்றுள் பலவற்றில் பட்டம் பெற உழைத்துக்கொண்டிருந்த மாணவர்களின் பெயர்களும் இருந்தன.

ஏன் அழித்துவிடுவதில்லை?

எனக்கு முதலில் எழுந்த வினா இதுதான். தவறு என்று தெரிந்த பிறகு அதை ஏன் இணையத்தில் வைத்திருக்கிறார்கள்? எடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் ஏமாறமாட்டார்களே?

சிந்தித்துப் பார்த்தால் வைத்திருப்பதே சரி. அக்கட்டுரையை நம்பி வேறு பலர் எழுதியிருப்பார்கள். அவர்களுடைய வாதத்தில் எந்தப் பகுதி சாய்கிறது, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மூலம் கண்முன் இருக்க வேண்டும். அழித்துவிட்டால் தவறும் மறைந்துவிடும், தவறு நடந்ததற்கான சான்றும் மறைந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் தவறாக எழுதியதைத் தாளைக் கிழித்துத் திருத்தும் கணக்கரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையொப்பமிடச் சொல்வார்கள். ஆகவேதான் 'நீக்கம்' என்னும் சொல் பொருந்தாது என்றேன்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் 'மீட்டுக்கொள்ளப்பட்டது' என்று பெரிய எழுத்தில் குறுக்காக அச்சிடுகிறார்கள். தலைப்பின் முன்னும் அச்சொல்லைச் சேர்க்கிறார்கள். தனியாக ஒரு குறிப்பு வெளியிட்டு, அதையும் கட்டுரையையும் ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படிக்கக் கட்டணம் வாங்கக்கூடாது, யார் மீட்டுக்கொள்கிறார், என்ன காரணம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும், வசைமொழி இருக்கக்கூடாது. இவை நெறிமுறை. எல்லா இதழ்களும் இப்படித்தான் நடக்கின்றன என்று சொல்லமாட்டேன். 'ஆசிரியரின் வேண்டுகோளுக்கிணங்க மீட்டுக்கொள்ளப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடும் குறிப்புகளையும் நான் பார்த்தேன். ஏன் வேண்டினார், எது தவறு என்று எதுவுமே இல்லை. படிப்பவருக்கு அது கதவைக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்காதது போலத்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளும் பதின்மூன்று நாள்களும்

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஒரே இதழின் இரு நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன். லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழ், 1998 பிப்ரவரியில் 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டது. முதன்மை ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசிக்கும் மதியிறுக்கக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் அச்சத்தை அக்கட்டுரை கிளப்பிவிட்டது. பெற்றோர் அஞ்சினர். இங்கிலாந்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்த தடுப்பூசி விகிதம் 2003-04 வாக்கில் 80 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அந்த அச்சம் நம் நாடு வரை வந்து, இன்றும் வாட்சாப் குழுக்களில் உலவுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் பெரியம்மாவுக்கே அப்படி ஒரு செய்தி வந்தது.

2004 இல் கட்டுரையின் 13 ஆசிரியர்களுள் 10 பேர் தடுப்பூசி பற்றிய விளக்கத்தை மட்டும் மீட்டுக்கொண்டார்கள். கட்டுரை அப்படியே இருந்தது. பத்திரிகையாளர் பிரையன் டீர் தொடர்ந்து தோண்டினார். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் நெடுங்காலம் விசாரித்து 2010 ஜனவரி இறுதியில் தன் முடிவைச் சொன்னது. அடுத்த சில நாள்களில், பிப்ரவரி 2 ஆம் நாள், லான்செட் கட்டுரையை முழுமையாக மீட்டுக்கொண்டது. ஆக, 12 ஆண்டுகள்.

அந்தக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். தடுப்பூசி தீங்கற்றது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. குழந்தைகள் தொடர்ச்சியாக, தேர்ந்தெடுக்கப்படாமல் அனுப்பப்பட்டவர்கள் என்று கட்டுரை சொன்னதும், அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது என்று சொன்னதும் பொய்யென நிறுவப்பட்டுவிட்டன. ஆகவே மீட்டுக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். முதலில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், இதழாசிரியர் தம்மால் நிறுவ முடிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார். தரவுகளே திரிக்கப்பட்டவை என்னும் கடுமையான குற்றச்சாட்டை 'பிஎம்ஜே' இதழ் 2011 ஜனவரியில் விரிவான ஆதாரங்களுடன் முன்வைத்தது. எனினும் அந்த 12 ஆண்டுக் காலத்தாமதத்தை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை. 2004 இலேயே ஐயத்துக்கு இடமின்றிச் செய்திருக்க முடியாதா என்னும் வினா எனக்குள் இன்னும் இருக்கிறது.

அதே லான்செட், 2020 மே 22 ஆம் நாள், கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பதால் இறப்பு கூடுகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று கணக்குக் காட்டப்பட்டது. மூன்றே நாளில் உலகச் சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அம்மருந்தைக் கொடுப்பதை நிறுத்திவைத்தது. ஆனால், கட்டுரையில் ஆஸ்திரேலியாவில் காட்டப்பட்ட இறப்புகள் அந்நாட்டு அரசின் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையொப்பமிட்டு வெளிப்படைக் கடிதம் எழுதினர். தரவுகளை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் என்னும் நிறுவனம் அவற்றைத் தற்சார்பான ஆய்வாளர்களிடம் ஒப்படைக்க மறுத்தது. ஜூன் 4 ஆம் நாள் ஆசிரியர்களுள் மூவர் கட்டுரையை மீட்டுக்கொண்டனர். 13 நாள்கள்! அதே நாளில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழும் அதே நிறுவனத்தின் தரவுகளைக் கொண்ட வேறொரு கட்டுரையை மீட்டுக்கொண்டது.

இந்த வேகத்துக்குக் காரணம் உலகமே அந்தக் கட்டுரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். யாரும் பார்க்காத கட்டுரைகளுக்கு இந்த வேகம் வாய்ப்பதில்லை. சாதாரணமாக நடப்பது இதுதான்: ஒரு வாசகர் இதழுக்கு எழுதுவார், இதழாசிரியர் எழுதியவரிடம் விளக்கமும் மூலத் தரவுகளும் கேட்பார், பதில் நிறைவளிக்காவிட்டால் எழுதியவரின் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்பார், பல்கலைக்கழகம் குழு அமைக்கும். இதழாசிரியருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் இல்லை. பல்கலைக்கழகமோ தன் பெயர் கெடுமே என்று தயங்கலாம். இடையில் வழக்கறிஞர் கடிதமும் வரலாம். ஆண்டுகள் ஓடிவிடும்.

நம் பக்கத்திலும்

இது ஏதோ ஐரோப்பாவின் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தன்னிடம் முன்பு பணியாற்றிய நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவர் தொடர்பான 21 கட்டுரைகளில் கடுமையான ஆய்வு முறைகேட்டைக் கண்டறிந்ததாக 2012 டிசம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. 2016 இல், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒரே உயிரணுவின் படம் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருப்பதைச் சமூக ஊடகத்தில் பலர் சுட்டிக்காட்டினர். பல்கலைக்கழகம் விரைந்து விசாரித்தது, கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. மூடி மறைக்காமல் அறிவித்ததை நான் குறையாகக் கருதவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆய்வு நேர்மை பற்றிய இரண்டாம் உலக மாநாடு 2010 ஜூலையில் சிங்கப்பூரில்தான் நடந்தது. அங்கு உருவான 'சிங்கப்பூர் அறிக்கை' நான்கு கொள்கைகளையும் 14 பொறுப்புகளையும் வகுத்தது. தன் தவறு தெரிந்தால் பதிவைத் திருத்த வேண்டும் என்னும் கருத்தின் பக்கத்தில் நம் வட்டாரத்தின் பெயரே நிற்கிறது.

மீட்டுக்கொண்டவர் எல்லாரும் பொய்யர்களா?

இல்லை. ஆனால் பொய்யர்களும் குறைவில்லை. 2012 இல் வந்த ஓர் ஆய்வு, உயிர்மருத்துவத் துறையில் மீட்டுக்கொள்ளப்பட்ட 2,047 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. அவற்றுள் 67.4 விழுக்காடு முறைகேட்டால் மீட்டுக்கொள்ளப்பட்டவை. நேர்மையான தவற்றால் மீட்டுக்கொள்ளப்பட்டவை 21.3 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நேர்மையாகத் தவறியவர். மற்ற நால்வரின் நிழல் இவர் மேலும் விழுவதால்தான் பலர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

2018 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னல்ட், தம் குழு 2019 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையை 2020 ஜனவரியில் மீட்டுக்கொண்டார். சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே விளைவு வரவில்லை. கட்டுரையை அனுப்பிய காலத்தில் தமக்கு வேலை மிகுதியாக இருந்தது, தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று அவரே பொதுவெளியில் எழுதினார். நோபல் பரிசு பெற்றவர் இப்படிச் சொல்ல முடியுமானால், கழக மலரில் ஒரு கட்டுரை எழுதியவளுக்கு என்ன கௌரவம் போய்விடப் போகிறது என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

எழுதியவர்கள் மறுத்தாலும் இதழ் மீட்டுக்கொள்ளலாம். ஆர்செனிக்கை உண்டு வாழும் நுண்ணுயிர் என்று 2010 டிசம்பரில் பெரும் பரபரப்பை உண்டாக்கிய கட்டுரையை, சயன்ஸ் 2025 ஜூலையில்தான் மீட்டுக்கொண்டது. முறைகேடு ஏதும் இல்லை, ஆனால் சோதனைகள் முடிவுக்கு ஆதரவு தரவில்லை என்பது இதழின் நிலை. ஆசிரியர்கள் உடன்படவில்லை. இதில் யார் பக்கம் நியாயம் என்பதில் அறிவியலாளர்களே பிரிந்து நிற்கிறார்கள். எனக்கும் ஒரு தயக்கம் உண்டு: நேர்மையாகச் செய்து தோற்ற ஆய்வை மறுப்புக் கட்டுரைகளே வீழ்த்தினால் போதாதா?

இதற்கு நேர்மாறாக, கட்டுரைகளைத் தொழிற்சாலை போல் தயாரித்து விற்கும் கூட்டங்களும் வளர்ந்துவிட்டன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் மீட்டுக்கொள்ளப்பட்டவை 10,000ஐத் தாண்டின. அவற்றுள் 8,000க்கு மேற்பட்டவை ஹிந்தாவி என்னும் ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அதன் உரிமையாளரான வைலி நிறுவனம் ஹிந்தாவி என்னும் பெயரையே கைவிட முடிவு செய்தது.

நான் எப்படி ஏமாந்தேன்

பெருமைக்குரிய செய்தியன்று, ஆனாலும் சொன்னால்தான் பயன். என்னிடம் இருந்த பி.டி.எஃப். கோப்பு, மூத்த மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைமாற்றி வந்த விரலியிலிருந்து கிடைத்தது. யாரோ ஒருவர் 2011 நடுப்பகுதியில் பதிவிறக்கம் செய்திருக்க வேண்டும். அதன் பக்கங்களில் குறுக்கெழுத்து எதுவும் இல்லை. பதிப்பகத்தின் பக்கத்தில் இருக்கும் கட்டுரை மாறிவிட்டது. நம் கணினியில் உறங்கும் படி மாறுவதில்லை. கட்டுரை இறந்த செய்தி அந்த விரலிக்கு எட்டவே இல்லை.

தடுக்க வழி இருந்தது, அதுவும் எளிய வழி. இதழின் பக்கத்துக்கே சென்று ஒரு முறை பார்த்திருந்தால் போதும். பல பதிப்பகங்கள் கட்டுரையின் தலைப்பருகில் புதிய நிலையைக் காட்டும் பொத்தான் ஒன்றை வைத்திருக்கின்றன. ஐவன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்க்கஸ் என்னும் இருவர் 2010 இல் தொடங்கிய 'ரிட்ராக்ஷன் வாட்ச்' அமைப்பின் தரவுத்தளத்தை 2023 இல் கிராஸ்ரெஃப் நிறுவனம் வாங்கி அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் சொட்டேரோ மென்பொருள், 2019 முதல் அத்தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரையைச் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கிறது. நானோ மேற்கோள்களைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அச்சேறியது எங்கே போனது?

என் தவறு மலரோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு மலரை வாங்கிச் சென்றிருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஐயோ, அந்த ரயில் கதையைத்தானேம்மா எங்க ஐந்தாம் ஆண்டுப் பையன் பேச்சுப் போட்டியில சொன்னான். மூணாம் பரிசு வாங்கிட்டான். இப்ப அவன்கிட்ட என்னான்னு சொல்றது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பரிசை மீட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன். அவன் நன்றாகப் பேசியதற்குக் கிடைத்தது அது. ஆனால் அந்த அரங்கில் இருந்த பெற்றோர்களும் பிள்ளைகளும் உட்ரெக்ட் நிலையத்தின் நாற்காலிகளை நம்பிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

நம் மலரின் ஆசிரியர் குழுவிடம் சென்றேன். ஆசிரியர் குழு ஆண்டுதோறும் மாறும் என்பது நீங்கள் அறிந்ததே. சென்ற ஆண்டுக் குழுவினர் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். "பழைய மலர்தானே அக்கா, யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க" என்றார் ஒருவர். இதுவரை இம்மலரில் அப்படி ஒரு குறிப்பு வந்ததில்லையாம். நீண்ட பேச்சுக்குப் பின் இக்கட்டுரைக்கு இடம் கொடுத்தார்கள். குறிப்பைத் தனியாகவும் தெளிவாகவும் போடச் சம்மதித்தார்கள். நெறிமுறைப்படி அதைக் கீழே தருகிறேன்.

மீட்டுக்கொள்ளல் குறிப்பு: சென்ற ஆண்டு மலரில் வெளிவந்த 'சுற்றுப்புறமும் உள்ளமும்' என்னும் கட்டுரையில், உட்ரெக்ட் இரயில் நிலைய ஆய்வை விவரிக்கும் இரண்டு பத்திகளையும், அதன் அடிப்படையில் எழுதப்பட்ட முடிவுரையையும் கட்டுரையாசிரியர் மீட்டுக்கொள்கிறார். அவ்வாய்வின் தரவுகள் புனையப்பட்டவை என்பதால் அக்கட்டுரையை 'சயன்ஸ்' இதழ் 2011 டிசம்பரில் மீட்டுக்கொண்டது. இதைச் சரிபார்க்காதது கட்டுரையாசிரியரின் தவறு. அன்றைய ஆசிரியர் குழுவுக்கு இதில் பொறுப்பில்லை. கூட்டுப்பணி, மறுசுழற்சி ஆகியவை பற்றிய மற்றப் பகுதிகள் அவ்வாய்வைச் சார்ந்தவை அல்ல. தவற்றைச் சுட்டிக்காட்டிய வாசகருக்குக் கட்டுரையாசிரியர் நன்றி கூறுகிறார்.

கழகத்தின் பொருளறையில் விற்காத பழைய மலர்கள் ஒரு பெட்டி இருந்தன. அந்த இரண்டாம் ஆண்டு மாணவியும் நானும் ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து, இக்குறிப்பைத் துண்டுத்தாளில் அச்சிட்டு ஒவ்வொன்றிலும் ஒட்டினோம். நூலகத்தில் இருக்கும் படியில் ஒட்ட அனுமதி கிடைக்கவில்லை. உள்ளே செருகி வைக்கலாம் என்றார்கள். செருகி வைத்திருக்கிறேன். விற்றுப் போனவை உங்கள் கைகளில் இருக்கின்றன. பழைய மலரை எடுத்து, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள்.